யார் மீதும் குறையில்லை

என் கல்யாணத்தை ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டு முடித்துவைத்தார்கள். முடிந்துவிட்டது என்று நானும் மூன்று வருடம் நம்பினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான், ஆனாலும் நம்பினேன். என் சித்திக்கு அப்படித்தான் முடித்தார்கள். பெரியப்பா மகளுக்கும் அப்படித்தான். இருவரும் வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எங்கள் வகையறாவில் இதற்குத் துரும்பு முறிப்பது என்று பேர். சொந்தக்காரர்கள் கூடி உட்காருவார்கள். புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் அவன் யாரோ, அவள் யாரோ. போடி டவுனில் அந்த நேரத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? அதனால் என் மாமியார் வீட்டு விளக்குமாற்றில் இருந்து ஒன்றை உருவினார்கள்.

அந்த அளவுக்குப் போனது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவன் ஜீப் ஓட்டுகிறவன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைப் போடியில் விடிகாலையில் ஏற்றிக்கொண்டு, மெட்டு மலை ஏறி, கேரளப் பக்கம் இருக்கும் தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவான். ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர், மடிமேல் தூக்குவாளி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாள். நானும் அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொள்வான். ஒவ்வொரு வளைவிலும் "பிடிச்சுக்கோ" என்பான். சாப்பிட்டாயா என்று நாளுக்கு நான்கு தடவை கேட்பான். எட்டு மாதம் அப்படிப் போனது. ஒன்பதாவது மாதம் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். அதற்குப் பிறகு அடிப்பதற்கு உப்புகூடத் தேவைப்படவில்லை.

ஏழு வருடம். கையால் அடித்தான், பெல்ட்டால் அடித்தான், ஒரு முறை ஜீப்பின் ஜாக்கிக் கம்பியால் முழங்காலில் அடித்தான். மழை வரப்போகிறது என்று இன்றைக்கும் அந்த முழங்கால்தான் எனக்கு முதலில் சொல்லும். அடித்து முடித்ததும் அவனுக்குப் பசிக்கும். தட்டு வைக்கச் சொல்வான். என் தலைமுடி சிக்கிய அதே விரல்களால் சோற்றைப் பிசைந்து தின்பான். அடியைக்கூடப் பொறுத்தேன். அந்தச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு நாள் ஜீப் ஸ்டாண்டுக்கு நான் கொஞ்சம் பிந்திப் போய்விட்டேன். மற்ற பெண்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவன் இறங்கி வந்து, கொண்டையைப் பிடித்து என் முகத்தை ஜீப்பின் பின்கதவில் மோதினான். ஒரு முறை மோதிவிட்டு, போதவில்லை என்று இன்னொரு முறை. வாயெல்லாம் ரத்தம். பதினேழு பேரில் ஒருத்திகூட இறங்கவில்லை. "விடுப்பா, நேரமாகுதுல்ல" என்று ஒரு குரல் மட்டும் உள்ளே இருந்து வந்தது. அவன்மேல் வந்ததைவிட அந்தக் குரல்மேல் எனக்கு வந்த கோபம் அதிகம். என் பையில் கவாத்துக் கத்தி இருந்தது, ஏலச்செடியில் காய்ந்த தட்டைகளை அறுத்து எடுக்கிற வளைந்த கத்தி. எடுத்து வீசினேன். தோளில் இறங்கியது. ஏழு தையல் போட்டார்கள். கழுத்தைப் பார்த்துத்தான் வீசினேன், அதையும் மறைக்கப்போவதில்லை. அவன் குனிந்ததால் பிழைத்தான்.

மறுநாளே இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடிவிட்டது. தேவாரம் ஊரில் இருந்து என் அண்ணன் வந்தான். புருஷன் பக்கத்துப் பெரியவர் ஒருவர்தான் பேசினார்.

"யாரு மொதல்ல அடிச்சது, யாரு பெறகு வெட்டுனதுன்னு பேசுனா பொழுது போயிரும். இன்னும் ஒரு வாரம் ஒரே வீட்ல இருந்தா ஒண்ணு அவன் இருக்க மாட்டான், இல்லாட்டி இந்த ஆத்தா இருக்க மாட்டா. அத்து விட்ருவோம்."

தையல் போட்ட தோளோடு அவன் ஈர்க்கை ஒடித்துக் கொடுத்தான். நான் பிடுங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தோடு ஒரு ஸ்டாம்பு பேப்பரிலும் டைப் அடித்து, பெரியவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி. வீங்கிய வாயோடு அன்று மத்தியானம் மூன்று தோசை சாப்பிட்டேன்.

மலைக்குப் போவதை விட்டுவிட்டேன். போடியிலேயே காய் பிரிக்கிற கொட்டகையில் வேலை கிடைத்தது. மலையில் இருந்து காய்ந்து வரும் ஏலக்காயைச் சுளகில் போட்டுப் புடைத்து, பருமனும் பச்சை நிறமும் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தேன். மூன்று வருடம் என்னை யாரும் அடிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று அடி வாங்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிறகு ஒரு நாள் பட்டப்பகலில் அவன் கொட்டகைக்குள் வந்தான். என் அண்ணன் எனக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்ப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் பார்க்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வந்தவன் என் முன்னால் இருந்த சுளகை எட்டி உதைத்தான். காய் நாலாபக்கமும் சிதறியது. என் காலைப் பிடித்து வாசல்வரை தரையோடு இழுத்தான். எழுந்திருக்க ஊன்றிய கையைச் செருப்புக் காலால் மிதித்து நின்றான். விரல் இரண்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"எம் பொண்டாட்டிய நான் அடிக்கிறேன். எவன்டா கேக்குறவன்?"

கொட்டகையில் பதினைந்து பேர் இருந்தார்கள். எவனும் கேட்கவில்லை. பொண்டாட்டி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது, எல்லோரும் அவரவர் சுளகைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவனே களைத்துப் போய்ப் போனான்.

கட்டுப்போட்ட கையோடு போலீசுக்குப் போனேன். துரும்பு முறித்த பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். இவன் என் புருஷனே இல்லை, எவனோ ஒருவன் வந்து என்னை அடித்துவிட்டான் என்று சொல்வதற்காக. அங்கே இருந்தவர் பத்திரத்தை இரண்டு தரம் படித்தார்.

"புகாரை எழுதிக்கிறேன்மா. ஆனா இந்தப் பத்திரம் செல்லாது. சட்டப்படி அவன் இன்னமும் உன் புருஷன்தான். மொதல்ல ஒரு வக்கீலைப் பாரு."

விரல் முறிந்ததைவிட அது வலித்தது. மூன்று வருடமாக நான் அவன் பெண்டாட்டியாகவே தூங்கி எழுந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

வக்கீல் ஒரு பெண். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். என்னைவிட வயதில் சிறியவள், ஆனால் என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு வழி இருக்கிறது என்றாள். ஒன்று, அவன் கொடுமை செய்தான் என்று நான் மட்டும் கேஸ் போடுவது. அதற்குச் சாட்சி வேண்டும், வருடக்கணக்காகும். இன்னொன்று, இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, பிரிந்துகொள்கிறோம் என்று கேட்பது. ஒரு வருடத்துக்கு மேல் தனித்தனியாக வாழ்ந்திருந்தால் போதும். முதலில் ஒரு தரம் கோர்ட்டில் கேட்பார்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு தரம் கேட்பார்கள், அப்புறம் விடுதலை. அதுவரைக்கும் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் மாட்டேன் என்று பின்வாங்கலாம்.

"ஜீப் ஸ்டாண்டுல நடந்ததைப் பதினேழு பேரு பாத்தாங்க மேடம்."

"சாட்சி சொல்ல வருவாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். மறுநாள் விடிந்தால் அவர்கள் அதே ஜீப்பில் ஏற வேண்டும். அவன் ஏற்றவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. கொட்டகைக்காரர்களும் அப்படித்தான். வர மாட்டார்கள் என்றேன்.

"அது மட்டும் இல்லம்மா. நீ கேஸ் போட்டா அவரும் வெட்டுனதைச் சொல்லி உன்மேல திருப்பிப் போடுவாரு. சேர்ந்து போட்டீங்கன்னா யாரு மேலயும் குத்தம் சொல்ல வேண்டியதில்லை." பிறகு இன்னொருவருக்கு எழுதிய பழைய மனுவை எடுத்து ஒரு வரி வாசித்துக் காட்டினாள். கருத்து வேறுபாடு காரணமாகச் சேர்ந்து வாழ இயலவில்லை, ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் குறையும் இல்லை, என்று இருந்தது.

"கருத்து வேறுபாடா?" என்று நான் கத்தியதில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். "அவன் கருத்து அடிக்கணும்ங்கிறது. என் கருத்து அடிக்கக் கூடாதுங்கிறது. இதுக்குப் பேரா மேடம் வேறுபாடு?"

அவள் என்னைக் கத்தவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். "உனக்கு என்ன வேணும்னு யோசி. அவரு தப்பு பண்ணாருன்னு ஒரு தாள்ல வேணுமா, அவரு உன் புருஷன் இல்லேன்னு ஒரு தாள் வேணுமா?"

இரண்டும் வேண்டும் என்றுதான் அன்று வீட்டுக்குப் போனேன். ராத்திரி போய் விடிவதற்குள் தெளிந்துவிட்டது. எனக்கு இரண்டாவது தாள்தான் வேண்டும். அது இருந்தால் அடுத்த முறை அவன் கொட்டகைக்குள் வந்து பொண்டாட்டி என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் இல்லாவிட்டால் அவன் வெறும் ரவுடி. ரவுடி அடித்தால் கேட்பதற்கு ஆள் வரும்.

காகிதம் சேர்க்க ஆரம்பித்தேன். ஆதார் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் வேண்டும் என்றாள். என் வீட்டு ஆல்பத்தை நான் என்றைக்கோ அடுப்பில் போட்டுவிட்டேன். தேவாரத்துக்குப் போய் அண்ணன் வீட்டில் கேட்டேன். முதல்நாள் யானை வந்து மக்காச்சோளத்தை மிதித்துவிட்டுப் போனதால் அண்ணன் என்னோடு பேசுகிற நிலையில் இல்லை. அண்ணிதான் பீரோவைக் குடைந்து ஒரு பத்திரிகையும், மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் ஒரு போட்டோவும் எடுத்துக் கொடுத்தாள். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துரும்புப் பத்திரத்தையும் வக்கீல் வாங்கி வைத்துக்கொண்டாள். விவாகரத்துக்கு அது செல்லாது, ஆனால் எந்த நாளில் இருந்து தனியாக இருக்கிறோம் என்பதற்கு உதவும் என்றாள்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, அவன் கையெழுத்தைத் தவிர. வக்கீல் போன் செய்தபோது, "என் தோள்ல கத்தி வச்சவளுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? சாகுறவரைக்கும் எம் பொண்டாட்டியாவே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். நான்கு மாதம் அப்படியே கிடந்தது.

பிறகு அவனே எனக்குப் போன் செய்தான். மலையில் ஒரு பெண்ணைப் பழக்கம் பிடித்திருக்கிறான். தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் இருப்பவள், புருஷன் செத்துப்போனவள். அவளுடைய அண்ணன்மார்கள் கோர்ட்டுப் பேப்பர் இல்லாமல் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று நின்றார்களாம். அவர்களுக்கு ஈர்க்குச்சி போதவில்லை. நான் பன்னிரண்டு படித்தும் இல்லாத புத்தி அவர்களுக்கு இருந்தது.

"கையெழுத்துப் போடறேன். ஆனா அவ உன்னைய ஒரு தரம் பாக்கணும்ங்கிறா. நீ மேல வந்து அவகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லணும். ஏதாச்சும் உளறுன, பேப்பரைக் கிழிச்சு உன் வாயிலயே திணிச்சிருவேன்."

பஸ்சில் போனேன். அடிவாரத்து முந்தல் தாண்டி பஸ் மலை ஏறியது. இறங்கிய இடத்தில் மூடுபனி, ஸ்டோரில் காய் காயவைக்கிற சூட்டு வாசனை. லயத்துக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திவிட்டு அவன் பானெட்டில் சாய்ந்து நின்றான். கதவு திறந்தே இருந்தது. உள்ளே பேசுவது அவனுக்குக் கேட்கும்.

அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். காய் எடுத்த விரல்கள் கறுத்திருந்தன. பால் இல்லாத கட்டன்சாயா போட்டு வைத்திருந்தாள். மலையில் பிறந்து வளர்ந்தவள், அக்கா என்பதற்குச் சேச்சி என்றுதான் அவள் வாயில் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சேச்சி. நீங்கதான் அவரைக் கத்தியால வெட்டுனீங்களாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

வாசலில் ஜீப்பின் மீது அவன் விரலால் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"எனக்குக் கோவம் ஜாஸ்தி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவரு கை நீட்டுற ஆளா சேச்சி? உள்ளதைச் சொல்லுங்க. ஏற்கெனவே ஒருத்தன்கிட்ட வாங்கியாச்சு. எனக்கு இனி தெம்பு இல்ல."

எனக்குக் கத்தத் தெரியும். கத்தி வீசத் தெரியும். போலீசில், வக்கீல் ஆபீசில், எங்கேயும் வாயடைத்து நின்றவள் இல்லை நான். அந்த லயத்துக்குள் மட்டும் என் நாக்கு அவனுக்கு வேலை செய்தது.

"இல்லம்மா. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. நான்தான் சரியில்ல."

அவள் முகம் அப்படியே தளர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசமா என்னைய நல்லாத்தான் பாத்துக்கறாரு. சாப்டியா சாப்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு" என்றாள். சாயாவைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். வெளியே வந்தபோது அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சோலியை ஒழுங்காக முடித்த வேலைக்காரிக்கு ஆட்டுவதைப் போல. அந்த நேரத்தில் கத்தி இருந்திருந்தால் இந்த முறை தவறியிருக்காது. வளைவுகளில் பஸ் இறங்கும்போது ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா, எனக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

மறுநாள் அவன் வக்கீல் ஆபீசுக்கு வந்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். எந்தக் குறையும் இல்லை என்ற வரிக்குக் கீழே முதலில் அவன் பேர், அடுத்து என் பேர்.

இரண்டு மாதம் கழித்துத் தேனி கோர்ட்டில் எங்களைக் கூப்பிட்டார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வராந்தா பெஞ்சில் முந்தானையால் இடது கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு அவன் பழகி எட்டு மாதம் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. உள்ளே நீதிபதி என்னைப் பார்த்து, யாராவது மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்டார். இல்லைங்கய்யா என்றேன். சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். அதற்கும் இல்லைங்கய்யா. ஆறு மாதம் தள்ளி வரச் சொன்னார்கள்.

அவன் ஜீப்பை எடுக்கப் போனபோது அவள் குழாயடியில் நின்றாள். முந்தானை விலகி மணிக்கட்டுக் கட்டு தெரிந்தது.

"கை என்னாச்சு?"

"ஸ்டோர்ல கதவு இடிச்சிருச்சு சேச்சி."

ஏழு வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்குக் கதவு, படிக்கட்டு, குளியலறைத் தரை. "கதவு இல்ல" என்றேன். "நான் அன்னைக்கு உங்கிட்டச் சொன்னது பொய். என்னைய அவன் ஏழு வருஷம் அடிச்சான். அதனாலதான் வெட்டுனேன். அந்த ஜீப்புல ஏறாத. எங்கூட வந்துரு."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடிவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சேச்சி. மனுவைக் காட்டுனதும் அண்ணன்மாரு ஒத்துக்கிட்டாங்க, போன வாரம் தாலி கட்டியாச்சு."

வாசலில் ஹாரன் அடித்தது. "ஏய், வெரசா வா" என்று அவன் கத்தினான். அவள் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனுவில் அவன் கையெழுத்து விழுந்திருக்காது. இரண்டில் எது வேண்டும் என்று அந்த லயத்துக்குள் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை தேனிக்குப் போனேன். அவன் தனியாக வந்திருந்தான். முகத்தில் சவரம் இல்லை, யாரிடமோ போனில் அடித்தொண்டையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். வராந்தா பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் எங்கே என்று என் வாய்வரை வந்தது. கேட்டால் அவனுக்குக் கோபம் வந்து, உள்ளே வராமல் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது. அதனால் நான் கேட்கவில்லை.